எட்டா, ஒன்பதா, நான்கா?

சென்ற வாரம் என் பேத்தி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஆங்கிலப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. "தாத்தா, பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் எத்தனை?" என்று கேட்டாள். யோசிக்காமல் "ஒன்பது" என்றேன். "இல்லை, எட்டு. புக்கிலேயே போட்டிருக்கு" என்று புத்தகத்தைக் காட்டினாள். சமையலறையிலிருந்து என் மனைவி, "ரெண்டு பேரும் தப்பு. சொல் நான்கு வகை. பெயர், வினை, இடை, உரி" என்றார். அவர் தமிழ் வழியில் படித்தவர். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பேத்தி ஆங்கில வழி. ஒரே வீட்டில் மூன்று இலக்கணம். புதுச்சேரியில் இது பெரிய அதிசயமும் இல்லை.

யார் சொன்னது சரி என்று அன்றைக்குத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஆனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஏறக்குறைய அறுபத்தைந்து வருஷமாக என்னோடு இருக்கிறது. இதற்காக நான் அடியும் வாங்கியிருக்கிறேன்.

1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கியபோது எனக்கு மூன்று வயது. கொடி இறங்கினாலும் பள்ளிக்கூடங்களில் பிரெஞ்சு உடனே இறங்கிவிடவில்லை. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதிதான் நடந்தது. என் அப்பா தையற்காரர். பிரெஞ்சு அதிகாரிகளுக்கும் சொல்தாக்களுக்கும் கோட்டு தைத்துக் கொடுத்தவர். "பிரெஞ்சு படித்தால் உத்தியோகம்" என்பது அவர் நம்பிக்கை. அதனால் என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தார். காலை முழுவதும் பிரெஞ்சு. சாப்பாட்டுக்குப் பிறகு, தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில், தமிழ் ஒரு மணி நேரம்.

காலை வகுப்பில் தினமும் 'அனலீஸ் கிராமாத்திகால்' உண்டு. கரும்பலகையில் ஒரு வாக்கியம். ஒவ்வொரு சொல்லையும் தனியே எழுதி, அது எந்த வகை, ஆண்பாலா பெண்பாலா, ஒருமையா பன்மையா, வாக்கியத்தில் அதற்கு என்ன வேலை என்று எதிரே எழுத வேண்டும். வகை ஒன்பது: பெயர், ஆர்ட்டிகிள், பெயரடை, பிரதிப்பெயர், வினை, வினையடை, முன்னிடைச்சொல், இணைப்புச்சொல், வியப்புச்சொல். இணைப்புச்சொற்களை நினைவில் வைத்துக்கொள்ள ஒரு சூத்திரம் உண்டு: "மே, ஊ, எ, தோன்க், ஓர், நி, கார்." சேர்த்துச் சொன்னால், "ஒர்னிகார் எங்கே?" என்று கேட்பதுபோல் ஒலிக்கும். பிரான்சில் படித்த எந்தக் கிழவரைக் கேட்டாலும் இன்றும் சொல்வார். ஒர்னிகார் என்பவன் ஒரு பையன், எங்கள் வகுப்புக்கு வராமல் ஓடிவிட்டவன் என்றே நான் வெகுநாள் நம்பியிருந்தேன்.

கொஞ்சம் பெரிய வகுப்புக்குப் போனால் 'அனலீஸ் லொழீக்'. நீண்ட வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டி, எது தலைமை வாக்கியம், எது அதைச் சார்ந்தது என்று கண்டுபிடிப்பது. வெட்டும்போது ஒரே விதி. வினை எத்தனையோ, துண்டும் அத்தனை. வினை இல்லாவிட்டால் வாக்கியமே இல்லை.

இந்த விதியில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

ஒருநாள் குடும்பத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னார் முசே. நான் "மோன் பேர் தாயேர்" என்று எழுதினேன். தமிழில் "என் அப்பா தையற்காரர்" என்று நினைத்ததை அப்படியே பிரெஞ்சில் வைத்தேன். முசே நோட்டைத் தூக்கிக் காட்டி, "வினை எங்கே?" என்றார். வகுப்பே சிரித்தது. "மோன் பேர் எ தாயேர்" என்று ஐம்பது முறை எழுத வைத்தார். அந்த நடுவில் இருக்கும் குட்டி 'எ'தான் வினை, 'இருக்கிறார்' என்பதுபோல.

அன்று பிற்பகலே தமிழ் வகுப்பு. எழுவாய், பயனிலை காட்டி ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார் தமிழ் ஐயா. காலையில் வாங்கியது நினைவில் சூடாக இருந்தது. இந்த முறை ஏமாறக் கூடாது என்று "என் அப்பா தையற்காரராக இருக்கிறார்" என்று எழுதினேன். ஐயா படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

"ஏண்டா, இப்போதைக்குத் தையற்காரராக இருக்கிறாரா? நாளைக்கு வேறு வேலைக்குப் போகப் போகிறாரா?"

மறுபடியும் சிரிப்பு. "ஐயா, வினை வேண்டாமா?" என்றேன். எதிர்த்துப் பேசுவதாக நினைத்து முதுகில் ஒன்று வைத்தார். ஒரே அப்பா, ஒரே தொழில், ஒரே நாள். வினை போடாததற்குக் காலையில் தண்டனை, போட்டதற்கு மாலையில் தண்டனை. அப்பாவிடம் சொன்னேன். அவர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "ரெண்டு பேரும் படிச்சவங்க. ரெண்டும் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

பணி ஓய்வுக்குப் பிறகு நேரம் கிடைத்தபோது, இந்த எட்டு, ஒன்பது, நான்கு எல்லாம் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் சிலவற்றை இங்கே சொல்கிறேன்.

எட்டு என்பது கிரேக்கர்களுடையது. பிளேட்டோ காலத்தில் பெயர், வினை என்ற இரண்டு பிரிவே பேசப்பட்டது. பிறகு அலெக்சாந்திரியாவில், ஹோமரின் பழைய காவியங்களைச் சரியாகப் படித்துப் பொருள் சொல்ல வேண்டிய தேவை வந்தபோது, இலக்கணம் தனிப் படிப்பாக வளர்ந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தியோனிசியஸ் திராக்ஸ் என்பவர் பெயரில் வழங்கும் சிறு நூலில் எட்டு வகை சொல்லப்படுகிறது: பெயர், வினை, வினையும் பெயரும் கலந்த எச்சம், ஆர்ட்டிகிள், பிரதிப்பெயர், முன்னிடைச்சொல், வினையடை, இணைப்புச்சொல். கவனியுங்கள், இதில் பெயரடை தனியாக இல்லை. 'நல்ல', 'பெரிய' போன்றவை எல்லாம் பெயருக்குள்ளேயே அடக்கம்.

இதை ரோமானியர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு சிக்கல் வந்தது. லத்தீன் மொழியில் ஆர்ட்டிகிள் கிடையாது. அப்படியானால் ஏழு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. 'ஐயோ', 'ஆகா' போன்ற வியப்புச்சொற்களைத் தனி வகையாக்கி எட்டைச் சரிக்கட்டினார்கள். 4ஆம் நூற்றாண்டில் ரோமில் பாடம் சொன்ன தொனாத்துஸ் கேள்வி-பதில் வடிவில் ஒரு சிறு நூல் எழுதினார். வகை எத்தனை என்று ஆசிரியர் கேட்பார், எட்டு என்று மாணவன் சொல்வான். சுமார் 500ஆம் ஆண்டு வாக்கில் கான்ஸ்தாந்திநோபிளில் இருந்த பிரிசியான் பதினெட்டுப் பாகங்களில் விரிவாக எழுதினார். ஆயிரம் வருஷம் ஐரோப்பியப் பையன்கள் இந்த இருவரிடமும்தான் அடி வாங்கினார்கள். குட்டன்பெர்க் அச்சுக் கண்டுபிடித்ததும் பைபிள் மட்டும் அச்சிடவில்லை, தொனாத்துஸின் பாடநூலையும் அச்சிட்டார். விற்பனையாகும் சரக்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்று என் பேத்தியின் புத்தகத்தில் உள்ள எட்டு, லத்தீன் எட்டும் அல்ல, கிரேக்க எட்டும் அல்ல. அந்தக் கலப்பு எச்சத்தை வினைக்குள் தள்ளிவிட்டு, பெயரடையைத் தனியாக்கி, மறுபடியும் எட்டு என்று வைத்திருக்கிறார்கள். எட்டுப் பேர் உட்காரும் பெஞ்சு ஒன்று. இரண்டாயிரம் வருஷமாக ஒருவர் எழுந்து போனால் இன்னொருவர் வந்து உட்காருகிறார். பெஞ்சு மட்டும் மாறவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் எண்ணிக்கையில் இவ்வளவு பக்தி காட்டவில்லை. 1780இல் லோமோன் என்ற பாதிரியார் சிறுவர்களுக்காக ஒரு பிரெஞ்சு இலக்கணம் எழுதினார். பெரிய வகுப்புகளுக்குப் போகாமல் சின்னப் பிள்ளைகளுக்கே காலமெல்லாம் பாடம் சொன்னவர். அவர் கணக்கில் பத்து. பின்னால் எச்சம் வினையோடு சேர்ந்தபோது எங்கள் ஒன்பது வந்தது.

ஆனால் எண்ணிக்கையைவிட முக்கியம், எதற்காக இதைச் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது. பிரெஞ்சு மொழி ஆய்வாளர் ஆந்திரே ஷெர்வெல் 1977இல் ஒரு புத்தகம் எழுதினார். பள்ளிக்கூட இலக்கணம் மொழியை விளக்குவதற்காகப் பிறந்ததல்ல, எழுத்துப்பிழை இல்லாமல் எழுத வைப்பதற்காகப் பிறந்தது என்பது அவர் வாதம். படித்தபோது எனக்குச் சட்டென்று விளங்கியது. பிரெஞ்சில் எழுதுவது பாதி, வாயில் ஒலிப்பது பாதி. "நான் ஆப்பிளைத் தின்றேன்" என்றால் 'மான்ஜே' என்பது ஒரு மாதிரி எழுதப்படும். "நான் தின்ற ஆப்பிள்" என்று ஆப்பிள் முன்னால் வந்துவிட்டால், ஆப்பிள் பெண்பால் என்பதால், அதே 'மான்ஜே'யின் கடைசியில் ஓர் எழுத்துக் கூட்ட வேண்டும். காதுக்கு வித்தியாசம் இல்லை. செயப்படுபொருள் எது, அது வினைக்கு முன்னா பின்னா என்று தெரிந்தவனுக்குத்தான் அந்த எழுத்து வரும். 16ஆம் நூற்றாண்டில் கிளெமான் மரோ என்ற கவிஞர் இத்தாலிய வழக்கைப் பார்த்து இந்த விதியைப் பரப்பினார். அவர் பரப்பிய விதிக்குப் புதுச்சேரியில் நாங்கள் முழங்காலில் நின்றோம்.

1833இல் பிரான்சில் ஊருக்கு ஓர் ஆரம்பப்பள்ளி வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆயிரக்கணக்கான வாத்தியார்கள் தேவைப்பட்டார்கள். அவர்கள் கையில் இருந்தது நொயேல், ஷாப்சால் என்ற இருவர் 1823இல் வெளியிட்ட இலக்கணம். அதில் ஒரு விசித்திரமான பாடம் உண்டு. உலகத்தில் உண்மையான வினை ஒன்றே ஒன்றுதான், அது 'எத்ர்', அதாவது 'இருத்தல்'. மற்ற வினைகள் எல்லாம் அதை உள்ளே ஒளித்து வைத்திருக்கின்றன. "நான் தைக்கிறேன்" என்பதைப் பிரித்துப் பார்த்தால் "நான் தைப்பவனாக இருக்கிறேன்" என்று வருமாம். பையன்கள் ஒவ்வொரு வினையையும் இப்படி உடைத்துக் காட்ட வேண்டும்.

இந்த யோசனை அவர்களுடையது அல்ல. 1660இல் பாரிசை அடுத்த போர்-ரொயால் மடத்தைச் சேர்ந்த அர்னோ, லான்ஸ்லோ என்ற இருவர் 'பொது இலக்கணம்' ஒன்று எழுதினார்கள். அர்னோ இறையியல் அறிஞர். லான்ஸ்லோ மொழி வாத்தியார். நாடகாசிரியர் ராசீன் சிறுவனாகப் படித்தது இந்த மடத்தின் பள்ளியில்தான். மொழிகள் பல, ஆனால் மனித மனம் ஒன்று; மனம் செய்கிற காரியம் 'இது இன்னது' என்று முடிவுகட்டுவது; அந்த முடிவைச் சொல்லும் சொல்லே வினை; ஆகவே எல்லா வினைக்கும் அடியில் 'இருக்கிறது' உண்டு. இதுதான் அவர்கள் வாதம். எல்லா மொழிக்கும் பொருந்தும் இலக்கணம் என்று நினைத்து எழுதினார்கள். கையில் இருந்தவை முக்கியமாக லத்தீன், கிரேக்கம், எபிரேயம், பிரெஞ்சு ஆகியவை. தமிழ் இல்லை.

ஒவ்வொரு வினையையும் உடைக்கும் அந்தப் பழக்கம் எங்கள் காலத்துக்குள் போய்விட்டது. ஆனால் வினை இல்லாமல் வாக்கியம் இல்லை என்ற தீர்மானம் போகவில்லை. முசே என்னை ஐம்பது முறை எழுத வைத்ததற்குப் பின்னால் முந்நூறு வருஷத்து மடம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அவருக்கே அது தெரிந்திருக்காது.

நிற்க. இப்போது தமிழ் ஐயா பக்கம் வருவோம்.

தொல்காப்பியத்தை முறையாகப் பாடம் கேட்டவன் அல்ல நான். ஐம்பது வயதுக்கு மேல் உரையை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் படித்தவன். என்னை முதலில் நிறுத்தியது அதன் வரிசை. பிரெஞ்சு இலக்கணப் புத்தகம் என்றால் முதல் பாடம் பெயர், அடுத்து ஆர்ட்டிகிள் என்று சொல் சொல்லாகப் போய், கடைசியில்தான் வாக்கியம் வரும். செங்கல்லை எண்ணி முடித்த பிறகு வீடு. தொல்காப்பியத்துச் சொல்லதிகாரம் ஒன்பது இயல்கள் கொண்டது. முதல் இயலான கிளவியாக்கம் சொல் வகை எதையும் எண்ணவில்லை. உயர்திணைக்கு உரிய பெயர் அஃறிணை முடிவோடு சேரக் கூடாது, ஒருமை பன்மையோடு மயங்கக் கூடாது என்று, சொற்கள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதைத்தான் முதலில் பேசுகிறது. அதற்குப் பிறகு வேற்றுமைகள். சொல் என்பது பெயர், வினை என இரண்டே, இடையும் உரியும் அவற்றைச் சார்ந்து வருவன என்ற பேச்சு ஐந்தாவதான பெயரியலில்தான் வருகிறது. அதாவது முதலில் வீடு, பிறகு செங்கல்.

நான்கு என்பதும் ஒரே தட்டில் வைத்த நான்கு அல்ல. இரண்டு முதலாளிகள், இரண்டு உடன்வருபவர்கள். இதில் உரிச்சொல்லைப் பள்ளிக்கூடங்களில் சில சமயம் ஆங்கிலப் பெயரடைக்குச் சமமாகச் சொல்லிவிடுகிறார்கள். என் மனைவியும் அப்படித்தான் படித்தாராம். 'நனி', 'உறு' போன்ற உரிச்சொற்களைப் பார்த்தால் அந்தக் கணக்கு நேராகப் பொருந்தவில்லை. 'நல்ல', 'பெரிய' என்பவற்றை நம் இலக்கணம் பெயரெச்சத்தில் ஒரு வகையாக வைத்திருக்கிறது. சிறுவயதில் 'பெரிய' ஆண்பாலா பெண்பாலா என்று நான் தமிழ் நோட்டில் எழுதித் தேடியது வேறு கதை.

வேற்றுமையியலுக்கு வந்தபோதுதான் என் பழைய வழக்குக்குத் தீர்ப்புக் கிடைத்தது. எழுவாய் எந்தெந்த விதமாக முடிவு பெறலாம் என்று தொல்காப்பியர் ஆறு வகை சொல்கிறார். ஒரு பொருள் இருப்பதைச் சொல்வது, ஏவுவது அல்லது வேண்டுவது, செயலைச் சொல்வது, வினவுவது, பண்பைச் சொல்வது, ஆறாவதாகப் பெயரைக் கொண்டே முடிவது. என் அப்பாவையே வைத்துச் சொன்னால்: தையற்காரர் உண்டு. தையற்காரர் வருக. தையற்காரர் தைத்தார். தையற்காரர் யார்? தையற்காரர் நல்லவர். கடைசியாக, என் அப்பா தையற்காரர்.

செயலைச் சொல்லும் வினை ஆறில் ஒன்றுதான். பெயரும் பயனிலையாக நிற்கலாம். ஒளிந்திருக்கும் 'இருக்கிறார்' எதுவும் தேவையில்லை. போர்-ரொயால்காரர்கள் மனித மனத்துக்கே பொது என்று நினைத்ததைத் தமிழ் தொடாமலேயே இத்தனை காலம் பேசியிருக்கிறது. நாம் மட்டும் அல்ல, ரஷ்யர்களும் அரபியர்களும்கூட 'அவன் தையற்காரன்' என்று சொல்ல நிகழ்காலத்தில் வினை தேடுவதில்லை. தமிழ் ஐயா முதுகில் வைப்பதற்குப் பதிலாக அந்த ஆறையும் சொல்லியிருந்தால் எனக்கு நாற்பது வருஷம் மிச்சமாகியிருக்கும். ஆனால் மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது எந்த வாத்தியார் வேற்றுமையியலை எடுப்பார்?

இந்த இரண்டு இலக்கணங்களும் நம் கரையில் சந்தித்தது நான் படித்த காலத்தில் அல்ல, அதற்கு நானூறு வருஷம் முன்னால். முத்துக்குளித்துறையில் இருந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் என்ரிகே என்ரிகேஸ் 1549 வாக்கிலேயே தமிழுக்கு இலக்கணம் எழுதினார். லத்தீன் இலக்கணத்தைச் சட்டமாக வைத்துத் தமிழை அதில் பொருத்திப் பார்த்தார். தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு லத்தீன் மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சாயிற்று.

இவர்களில் என்னை வியக்க வைப்பவர் வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்த பெஸ்கி. வெளிநாட்டுப் பாதிரிமார் பேச்சுத் தமிழ் கற்க வேண்டும் என்று 1728இல் லத்தீனில் கொடுந்தமிழ் இலக்கணம் எழுதினார். அதை 1738இல் அச்சிட்டது யார் தெரியுமா? தரங்கம்பாடி லுத்தரன் சபை அச்சகம். அவர் கத்தோலிக்கர், அந்தச் சபையாரைக் கடுமையாகச் சாடி எழுதியவர். இலக்கணம் என்றதும் சண்டையை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதே பெஸ்கி தமிழர்களுக்கென்று தொன்னூல் விளக்கம் எழுதியபோது லத்தீன் சட்டத்தைக் கொண்டுவரவில்லை. எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்று நம் ஐந்திலக்கண வழியிலேயே நூற்பா இயற்றினார். ஒரே மனிதர், ஒரே மொழி. கேட்பவன் யார் என்று பார்த்து இலக்கணத்தை மாற்றிக்கொண்டார். என் முசேயும் தமிழ் ஐயாவும் ஒரே ஆளாக இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சரி, இதெல்லாம் படித்தவர்கள் சமாசாரம், குமாஸ்தாவுக்கு என்ன என்று கேட்பீர்கள். குமாஸ்தாவுக்குத்தான் உண்டு.

எழுபதுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். பழைய நொத்தேர் பத்திரங்கள் வந்தால் தமிழில் மாற்றித் தரும் வேலை என் தலையில் விழும். ஒரு நாள் ஒரு கிரயப் பத்திரம் வந்தது. ஒரு வீடும் ஒரு தோட்டமும், அதில் ஒரு கிணறு. நான் "கிணறு உள்ள வீடும் தோட்டமும்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். சாயங்காலம் ரயிலுக்குப் போகும் அவசரம்.

அந்தச் சொத்தை அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரித்தார்கள். அண்ணனுக்கு வீடு, தம்பிக்குத் தோட்டம். கிணறு இரண்டுக்கும் நடுவில், வீட்டுப் பின்சுவரை ஒட்டிய துண்டு நிலத்தில் இருந்தது. என் தமிழைப் பார்த்துக் கிணறு வீட்டைச் சேர்ந்தது என்று வைத்து வேலி போட்டுவிட்டார்கள். சில மாதம் கழித்துத் தம்பி அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "ஐயா, எங்க கெணத்த நீங்க எடுத்துக் குடுத்துட்டீங்களே. வாழைக்குத் தண்ணி இல்லை" என்றார்.

மூலப் பத்திரத்தை எடுத்துவரச் சொல்லி, சிறுவயதில் செய்ததுபோலப் பென்சிலால் அனலீஸ் போட்டேன். பிரெஞ்சில் 'அதில்' என்ற இடத்தில் 'லெகெல்' என்று இருந்தது. அது ஆண்பால் ஒருமை. வீடு பெண்பால், தோட்டம் ஆண்பால். வீட்டைக் குறித்திருந்தால் 'லாகெல்' என்று வந்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் குறித்திருந்தால் 'லேகெல்'. சந்தேகமே இல்லை, கிணறு தோட்டத்துக்குள் அடக்கம். எழுதிய நொத்தேர் ஓரெழுத்தில் எல்லையைப் போட்டிருக்கிறார். நான் கவனிக்கவில்லை.

தமிழில் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஆண் பெண் கிடையாது. இரண்டும் அஃறிணை, 'அது' என்றால் எதுவாகவும் இருக்கலாம். அதனால் தமிழில் சொல்ல முடியாது என்று அர்த்தமில்லை. "வீடும், கிணறு உள்ள தோட்டமும்" என்று எழுதியிருந்தால் போதும். பெயரெச்சம் எந்தப் பெயருக்கு முன்னால் உட்காருகிறதோ அதையே பற்றிக்கொள்ளும். பிரெஞ்சு வால் எழுத்தால் செய்வதைத் தமிழ் இருக்கையால் செய்கிறது. இரண்டு சொல்லை இடம் மாற்றி வைக்க எனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்காது.

மேலதிகாரியிடம் போய் என் தவறுதான் என்று எழுதிக் கொடுத்தேன். மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன். திருத்திய மொழிபெயர்ப்பைத் தம்பியிடம் கொடுத்தோம். ஆனால் போட்ட வேலியைப் பிடுங்குவது திருத்தம் எழுதுவதுபோல் சுலபமா? ஒன்றரை வருஷம் இழுத்தது. வாழை பட்டுப்போயிற்று. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றது நின்றதுதான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்குப் பின் எந்தப் பத்திரத்தையும் அனலீஸ் போடாமல் நான் தமிழாக்கியதில்லை. சக ஊழியர்கள், "முசே கணக்குப் போடறார்" என்று கிண்டல் செய்வார்கள்.

இன்னொரு வியாதியும் அலுவலகத்தில் பார்த்தேன். "மனுதாரர் இவ்வூரின் நிரந்தரக் குடியிருப்பாளர் ஆவார்", "இது அன்னாரின் ஒப்பம் ஆகும்" என்று எல்லாக் கோப்பிலும் வால் தொங்கும். வரைவு என் மேஜைக்கு வந்தால் 'ஆவார்', 'ஆகும்' இரண்டையும் அடித்துவிட்டு அனுப்புவேன். ஒருமுறை இளம் எழுத்தர் ஒருவர், "சார், வினை இல்லாமல் வாக்கியம் எப்படி முடியும்?" என்று கேட்டார். அவர் முகத்தில் என்னையே பார்த்தேன். அடிக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அந்த ஆறு வகையையும் சொன்னேன்.

அப்பா 1983இல் காலமானார். இறப்புப் பதிவுக்காகப் பிரெஞ்சிலும் தமிழிலும் தொழில் விவரம் எழுத வேண்டியிருந்தது. பிரெஞ்சில் எழுதுவது சுலபம், 'எ' என்பதை இறந்தகாலமாக்கினால் போதும். தமிழில் "என் அப்பா தையற்காரர்" என்று எழுதிவிட்டுப் பார்த்தேன். அது உயிரோடு இருப்பவரைச் சொல்லும் வாக்கியம். "தையற்காரராக இருந்தார்" என்று மாற்றி எழுதினேன். தமிழ் ஐயா அடித்துத் திருத்திய வினையை அன்றைக்குப் போடாமல் முடியவில்லை.

பேத்தியின் கதைக்கு வருகிறேன். இவ்வளவையும் சுருக்கி அவளிடம் சொன்னேன். பெஞ்சுக் கதை பிடித்திருந்தது, கிணற்றுக் கதைக்கு வாழை என்ன ஆயிற்று என்று இரண்டு முறை கேட்டாள். கடைசியில், "சரி தாத்தா, டெஸ்ட்டில் எத்தனைன்னு எழுதறது?" என்றாள்.

"எட்டு" என்றேன். மதிப்பெண் போய்விடக் கூடாதே.